இஸ்தான்புல் 2005: தன்னம்பிக்கையா, ஹமனா?

எட்டாம் நம்பர்: "2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலை லிவர்பூல் ஜெயிச்சது முழுக்க முழுக்கத் தன்னம்பிக்கையாலதான்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. இஸ்தான்புல்ல நடந்த அந்த ஐரோப்பிய கிளப் கால்பந்து ஃபைனல்ல, முதல் பாதியில மிலன் 3-0 முன்னிலை. மிலனோட நடுக்கள ஆட்டக்காரர் கக்காவைப் பிடிக்க நடுவுல ஆளே இல்ல. இடைவேளையில தடுப்பாட்டக்காரர் ஃபின்னனை எடுத்துட்டு நடுக்கள ஆள் ஹமனை இறக்கினார் லிவர்பூல் கோச் பெனிடெஸ், தடுப்புல பின்னால மூணு பேர். கக்காவுக்கு இடம் அடைபட்டுச்சு, லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு மேலே ஏறினார். இதுல தன்னம்பிக்கை எங்கே வந்துச்சு?

கோவை ரெட்ஸ்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டுங்க. லிவர்பூல் கோல் போட்ட நிமிஷம் 54, 56, 60. ஆறு நிமிஷம், மூணு கோல். ஜெரார்டு தலையால முட்டிட்டு ஓடி வரும்போது ரெண்டு கையையும் வீசி ரசிகர்களை எழுப்புனாரே, அதைப் பார்த்தீங்களா? அடுத்து நம்ம ஸ்மிட்சர் பாக்ஸுக்கு வெளியில இருந்து அடிக்கிறார். 3-0ல அந்த ஷாட்டுக்குக் கால் துணியுமா?

எட்டாம் நம்பர்: ஹமன் வந்தது இடைவேளையில. கோல் எல்லாம் அதுக்கு அப்புறம். அவ்வளவுதான்.

ரோசோநேரி ராஜா: மூணாவது கோலுக்குக் குடுத்தது பெனால்டியே கிடையாது. எங்க கட்டூசோ லேசா உரசினதுக்கு ஜெரார்டு விழுந்துட்டார்.

கோவை ரெட்ஸ்: வந்துட்டார்யா மிலன் ரசிகர்! இன்னும் ஆறலையா? அந்தப் பெனால்டியை அலோன்சோ அடிச்சதை உங்க கோல்கீப்பர் டிடா தடுத்தும், திரும்பி வந்த பந்தைப் போட்டார்ல?

ரோசோநேரி ராஜா: 2007 ஏதென்ஸ் ஃபைனல், அதே ரெண்டு அணி. எங்க இன்சாகி ரெண்டு கோல், மிலனுக்கு 2-1 வெற்றி. அங்கே எங்கே போச்சு உங்க நம்பிக்கை?

எட்டாம் நம்பர்: ஏதென்ஸை விடுங்க. 60க்கு அப்புறம் கூடுதல் நேரத்தோட சேர்த்து ஒரு மணி நேரம் ஆடினாங்க. உங்க உத்வேகம் நாலாவது கோல் போட்டுச்சா? மிலனோட செர்ஜின்யோவை மறிக்க ஜெரார்டே வலது பக்கத் தடுப்புல (ரைட் பேக்) ஆடினார். நடுவைக் கட்டிக் காத்தது ஹமன்.

கோவை ரெட்ஸ்: மிலன் ஸ்ட்ரைக்கர் ஷெவ்சென்கோவை நம்ம கோல்கீப்பர் டுடெக் அடுத்தடுத்து ரெண்டு தடவை தடுத்தது ஹமன் கணக்குலயா? 3-3ல முடிஞ்சு பெனால்டி ஷூட்அவுட் போனப்போ, அதே ஷெவ்சென்கோதான் கடைசி பெனால்டியை நடுவுல உதைச்சுக் கோட்டை விட்டார். மனசு ஆடிப்போச்சு, வேற என்ன?

ரோசோநேரி ராஜா: ஷூட்அவுட்டுல டுடெக் கோல் கோட்டைத் தாண்டி முன்னால வந்து நின்னார். அதைப் பேசுங்க.

எட்டாம் நம்பர்: அந்த ஷூட்அவுட்டுல லிவர்பூலுக்கு முதல் பெனால்டி போட்டது யாரு? ஹமன்.

நடுவட்டம்: போன மாசம் லெஸ்டர் அணி 2016ல லீக் ஜெயிச்சதைப் பத்தின திரியிலயும் இதே கதை. நாங்க அணியோட ஓட்டத்தைப் பேசினோம், நீங்க அவங்க நடுக்கள ஆளைப் பிடிச்சுக்கிட்டு "காண்டே, காண்டே"ன்னு நாப்பது பதிவு போட்டீங்க.

எட்டாம் நம்பர்: காண்டே போனப்புறம் அடுத்த சீசன்ல லெஸ்டர் 12வது இடம். பதில் சொல்லாம ஓடினது நீங்கதான். அந்தத் திரியை இங்கேயே திறக்கிறேன், இருங்க.