‘கல்லடி வீட்டார்’ குழுவில் தர்ஷியின் படிப்புக் கதை

வெள்ளி, மாலை

சாந்தி: எல்லாருக்கும் வணக்கம். தர்ஷியின் ஏ எல் சோதனை இசட் ஸ்கோர் பார்த்தீர்கள்தானே, கம்பஸுக்கு எடுக்கிறது அதை வைத்துத்தான். மெடிசினுக்குக் காணாது, மாவட்டக் கோட்டாவிலும் எட்டாது என்று ரியூசன் சேர் சொல்லிவிட்டார். இப்ப இவள் சென்னைக்குப் போய் ஒப்டோமெட்ரி, அதுதான் கண் பார்வை சோதிக்கிற படிப்பு, படிக்கப் போகிறாளாம். கண்ணாடி விற்கிற வேலைக்கு நாலு வருசம் கம்பஸா? யாராவது புத்தி சொல்லுங்க.

வசந்தி: யாருக்குப் புத்தி சொல்ல வேணும்கா, அவளுக்கா உனக்கா?

சாந்தி: பகிடி வேண்டாம். ரெண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை.

ராஜன்: தங்கச்சி, லண்டனில் கண்ணாடிக்கடைக்குள்ளேயே ஒப்டோமெட்ரிஸ்ட் இருப்பார். பவர் பார்த்து அனுப்புவதோடு முடியாது. போன தடவை என் கண்ணின் அழுத்தத்தை அளந்து, உள்ளே நரம்பைப் படம் எடுத்து, சந்தேகமாக இருக்கு என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்தது அப்படி ஒரு பிள்ளைதான். எனக்கு நோவும் இல்லை, பார்வையும் நன்றாகத்தான் தெரிந்தது. கண் நரம்பைக் கெடுக்கிற இந்தக் குளுக்கோமா சத்தம் போடாமல்தான் வருமாம்.

ராஜன்: அவள் படித்து முடிக்கட்டும். மறுகா இங்கே கூப்பிடலாம்.

குகன்: அண்ணன், நான் கல்முனையில் இந்தக் கடைத் தொழிலில்தான் இருக்கிறேன். ஒரு பட்டமும் கிடையாது. மெசினில் நாடியை வைக்கச் சொன்னால் நம்பர் துண்டில் அடித்து வருகிறது. பிரேமைக் காட்டுகிறோம், இரண்டு கண்மணிக்கும் இடைத் தூரம் அளக்கிறோம், லென்ஸ் வெட்டிக் கொடுக்கிறோம். வாங்கினவர்கள் குறை சொன்னது குறைவு. இதுக்குக் கம்பஸா என்று அக்கா கேட்கிறது நியாயம்தான்.

தர்ஷி: நிரோ அக்கா, எங்க இருக்கீங்க? ஒப்டோமெட்ரிப் பக்கம் போன ஆள் நீங்கதானே, வாங்க.

நிரோஷா: இப்பதான் கிளினிக் முடிந்து விடுதிக்கு வந்தேன். எல்லாம் வாசித்தேன். குகன் மாமா, அந்தத் துண்டு தொடக்கம்தான், முடிவில்லை. சின்னப்பிள்ளை மெசினுக்குள் இருக்கிற படத்தைப் பார்க்கும்போது, கிட்ட இருக்கிறதைப் பார்ப்பதாக நினைத்து உள்ளே தசையை இறுக்கிவிடும். லென்ஸ் தடிக்கும். மெசின் அதையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதனால் இல்லாத மைனஸ், அதாவது கிட்டப்பார்வை, வரும்; இருக்கிற பிளஸ், அதாவது தூரப்பார்வை, ஒளிந்துவிடும். சொட்டு மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்தித் திரும்பப் பார்க்கிறது இதற்காகத்தான்.

குகன்: சரி, பிள்ளைகளுக்கு அப்படி இருக்கட்டும். பெரியாட்களுக்கு?

நிரோஷா: பெரியாட்களிடம் ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்பதில்லையா நீங்க?

குகன்: ஓம், கேட்பேன்.

நிரோஷா: மெசின் சொன்னது சரி என்றால் ஏன் கேட்கிறீங்க? அந்தக் கேள்விக்கு ஒரு ஒழுங்கு இருக்கு மாமா. முதலில் பிளஸ் கூடப் போட்டுப் பார்வையை மங்க வைத்து, கண்ணைத் தளர விட்டு, அங்கிருந்து படிப்படியாக இறங்கி வர வேண்டும். மைனஸைக் கூட்டிக்கொண்டு போனால் ஆள் ‘இன்னும் தெளிவு, இன்னும் தெளிவு’ என்றுதான் சொல்லும். எழுத்து சின்னதாகி, கருமையாகத் தெரிகிறதைத் தெளிவு என்று நினைக்கும். பிறகு பின்னேரம் தலையிடி.

குகன்: தலையிடி என்று திரும்பி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள்தான். பிரேம் இறுக்கம் என்று நினைத்து காதடியைத் தளர்த்திக் கொடுப்பேன்.

வசந்தி: ஹா ஹா ஹா

சாந்தி: அதெல்லாம் சரி மகள், நாலு வருசமும் இந்த லென்ஸ் மாற்றுகிறதையா படிக்கிறது?

நிரோஷா: இல்லை சின்னம்மா. எங்களுக்கு மூன்று வருடம் வகுப்பு, நாலாவது வருடம் முழுக்க இன்டர்ன்ஷிப். தொடக்கத்தில் உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம், ஒளியியல். பிறகு கண் நோய்கள், மருந்துகள், கொன்டாக்ட் லென்ஸ், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிற விதம், பார்வை மிகக் குறைந்தவர்களுக்கு உருப்பெருக்கிகள். பயோ படித்த பிள்ளைகள் தவளை, இதயம் என்று வருவார்கள், முதல் வருட ஒளியியலில் மாட்டிக்கொள்வார்கள். பிஸிக்ஸை ஏ எல்லோடு தலைமுழுகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது.

நிரோஷா: தர்ஷி, ஒரு கேள்வி. மைனஸ் 2 பவர் உள்ள ஆளுக்குக் கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தூரம் வரைக்கும் தெளிவாகத் தெரியும்?

தர்ஷி: பவரை அளக்கிற அலகு டயொப்டர், அது ஒன்றின் கீழ் மீட்டர். அப்ப அரை மீட்டர். 50 செ.மீ.

நிரோஷா: மைனஸ் 4?

தர்ஷி: 25 செ.மீ. அதுக்கு அங்கால எல்லாம் மங்கல்.

நிரோஷா: சின்னம்மா, இவள் தப்பிவிடுவாள்.

நிரோஷா: கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயொப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கிற தெளிந்த படலமான கோர்னியாவுக்கு, மிச்சம்தான் உள்ளே இருக்கிற லென்ஸுக்கு. நம்ம நாட்டில் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண்தான சங்கம் வெளிநாடுகளுக்கு அனுப்புவது இந்தக் கோர்னியாவைத்தான்.

தர்ஷி: அக்கா, உங்களுக்குப் பிடித்த பகுதி எது?

நிரோஷா: ரெட்டினோஸ்கோப். கையில் பிடிக்கிற சின்னக் கருவி. அறையை இருட்டாக்கி, ஒரு கோடு வெளிச்சத்தைக் கண்மணிக்குள் அசைத்தால் உள்ளிருந்து செம்மஞ்சள் வெளிச்சம் திரும்பி வரும். நாம் அசைக்கிற பக்கமே அதுவும் அசைந்தால் பிளஸ் லென்ஸ் வை. எதிர்ப்பக்கம் அசைந்தால் மைனஸ். அசைவே இல்லாமல் கண்மணி முழுக்க நிரம்பி நின்றால் அங்கே நிறுத்து. நீ 67 செ.மீ தள்ளி இருந்து பார்த்தால், அந்தத் தூரத்துக்காகக் கடைசியில் 1.50 டயொப்டர் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். பிள்ளை எழுத்து வாசிக்கத் தேவையில்லை, வாயே திறக்கத் தேவையில்லை. ஆனால் கை பழக மாதக்கணக்கில் எடுக்கும். நாங்கள் பழகுவதற்குக் கண்ணைக் காட்டாமல் விடுதியில் ஒரு பிள்ளையும் தப்பவில்லை.

வசந்தி: நிரோ, இதை வாசித்தவுடன் எனக்கு ஒரு பிள்ளை நினைவுக்கு வருகிறான். படுவான்கரையில் என் வகுப்பு, ஆண்டு இரண்டு. கரும்பலகையைப் பார்க்கத் தலையைச் சாய்ப்பான். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவான். மொக்கு என்று மற்ற ரீச்சர்மார் சொல்கிறார்கள். எம்ஓஎச் ஆட்கள், அதுதான் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தார், வந்து எழுத்து அட்டை வைத்துப் பார்த்தபோது எல்லா எழுத்தும் சொல்லிவிட்டான்.

நிரோஷா: ஒரு கண்ணை எதனால் பொத்தினான் சின்னம்மா?

வசந்தி: கையால். விரலால்.

நிரோஷா: விரலிடுக்கால் பார்த்திருப்பான். முன்னால் நின்ற பிள்ளை சொன்னதைக் கேட்டும் சொல்லியிருப்பான். ஒரு மட்டையால் மூடித் திரும்பப் பாருங்க, முதலில் ஒரு கண், பிறகு மற்றது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஈ வடிவத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக் கால் எந்தப் பக்கம் என்று கேட்கலாம்.

நிரோஷா: ஒரு கண்ணில் மட்டும் பவர் மெத்தக் கூட இருந்தால், மூளை அந்தக் கண்ணின் மங்கல் படத்தை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பும். வெளியில் பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது. ஏழு எட்டு வயதுக்கு முன் பிடித்து, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிப் பழக்கினால் பலன் நன்றாக இருக்கும். பிந்தப் பிந்த அது குறையும். அவன் தாயிடம் சொல்லி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க. தலையைச் சாய்க்கிறதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்க, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

வசந்தி: தாய் வெளிநாட்டில். அம்மம்மாவோடு இருக்கிறான். நானே கூட்டிப் போகிறேன்.

சாந்தி: அப்ப இது டொக்டர் வேலைதானே? டொக்டருக்குப் படிக்காமல் எப்படி?

நிரோஷா: இல்லை சின்னம்மா. சத்திர சிகிச்சை கண் வைத்திய நிபுணருக்கு. புரை எடுக்கிறது, ஊசி போடுகிறது, லேசர் எல்லாம் அவர்களிடம். பார்வைக் குறையை அளந்து சரிசெய்வதும், யாரை உடனே அவர்களிடம் அனுப்ப வேண்டும் என்று பிரித்து எடுப்பதும் எங்கள் பக்கம். சீனி வருத்தக்காரர் ‘கண்ணாடி மாற்ற வேணும்’ என்று வருவார். விழித்திரையைப் பார்த்தால் இரத்தக் கசிவு இருக்கும். அவருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பினால் அது குற்றம்.

நிரோஷா: இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். மெடிசின் கிடைக்காததால் வந்தோம் என்கிற நினைப்பிலேயே இருந்த பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். இரண்டாம் வருடத்தில் முகம் தொங்கிப்போகும். தர்ஷி, நீ ஏன் இதை எடுத்தாய்?

தர்ஷி: எனக்கு பயோவை விட பிஸிக்ஸ் பிடிக்கும். ஆட்களோடு கதைக்கவும் பிடிக்கும். இரத்தம் பார்க்க ஏலாது. மெடிசின் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சாந்தி: இதை ஏன் மூன்று வருசம் சொல்லவில்லை?

தர்ஷி: நீங்க கேட்கவில்லை அம்மா.

சனி, காலை

ராஜன்: இரவு நித்திரையாகிவிட்டேன். நிரோ, சென்னையில் படித்தால் நேரே இங்கே வேலை எடுக்கலாம்தானே?

நிரோஷா: இல்லை மாமா. அங்கே ஜெனரல் ஒப்டிகல் கவுன்சிலில் பதியாமல் கண் சோதிக்க முடியாது. வெளிநாட்டுப் பட்டத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஒவ்வொருவர் படிப்பையும் தனித்தனியாகப் பார்த்து, மேலே என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். அமெரிக்காவில் அது முதல் பட்டத்துக்கு மேல் நாலு வருடம் படிக்கிற ‘டொக்டர் ஒஃப் ஒப்டோமெட்ரி’ பட்டம். இந்தியாவில் 2021 இல் சட்டம் வந்து, இந்தத் துறைகளுக்கு ஒரு தேசிய ஆணைக்குழுவும் பதிவும் என்று ஒழுங்கு போடுகிறார்கள். ஏஜென்சிக்காரர் ‘உலகம் முழுக்க அங்கீகாரம்’ என்று நோட்டீஸ் அடிப்பார்கள். உலகம் முழுக்க என்று ஒரு பதிவே கிடையாது.

ராஜன்: அப்படியா? இங்கே ஆள் தட்டுப்பாடு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிரோஷா: தட்டுப்பாடு இருந்தாலும் கதவு ஒன்றுதான் மாமா.

சாந்தி: அப்ப நம்ம நாட்டில்?

நிரோஷா: அதுதான் முதல் கேட்க வேண்டிய கேள்வி. நம்ம அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் பார்வை சோதிக்கிறவர்கள் ஒப்தால்மிக் டெக்னோலொஜிஸ்ட். அவர்களைச் சுகாதார அமைச்சு தன் பயிற்சிக்கு எடுக்கும். ஒப்டோமெட்ரி பட்டம் முடித்தவுடன் அந்தக் கதிரை காத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி, கண்ணாடிக்கடை, லென்ஸ் கம்பனி, இவைதான் பெரும்பாலும். அதனால் தர்ஷி, பணம் கட்டுகிறதுக்கு முன்னம் இரண்டு கடிதம் எழுது. ஒன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு, இந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறீர்களா என்று. மற்றது இலங்கை மருத்துவ சபைக்கு, இந்தப் பட்டத்தோடு எந்தப் பதிவு கிடைக்கும் என்று. பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னதை நம்பாதே.

வசந்தி: கம்பஸ் விண்ணப்பத்தையும் போடச் சொல்லு. பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை முழுக்க வாசிக்கட்டும். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சுகாதார விஞ்ஞானப் பாடங்கள் இருக்கு, நர்சிங் நம்ம கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கு. ஒன்றுக்காக மற்றதை விடக்கூடாது.

சாந்தி: செலவு?

நிரோஷா: கல்லூரிக் கட்டணத்தோடு கணக்கை நிறுத்தாதீங்க சின்னம்மா. விடுதி, விசா, வருடத்துக்கு ஒருக்காவாவது விமானம். ரெட்டினோஸ்கோப், கண்ணுக்குள் பார்க்கிற ஒப்தால்மொஸ்கோப் எல்லாம் சொந்தமாக வாங்க வேண்டி வரும். இன்டர்ன்ஷிப் வருடத்தில் கையில் வருவது சாப்பாட்டுக்கே காணாது. இந்தியத் தூதரகத்தின் ஐசிசிஆர் புலமைப்பரிசிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், மருத்துவமும் துணை மருத்துவமும் அதில் விலக்கு என்று அறிவித்தலிலேயே போடுவார்கள்.

தர்ஷி: சென்னையில் எந்தக் கல்லூரி நல்லது அக்கா?

நிரோஷா: பழையது என்றால் சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி 1985 இல் தொடங்கிய எலைட் கல்லூரி. மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. பெயரை விட ஒன்றைப் பார்: கல்லூரிக்குச் சொந்தமாகக் கண் ஆஸ்பத்திரி இருக்கா? நோயாளி வராத கல்லூரியில் நாலு வருடமும் கூடப் படிக்கிற பிள்ளைகளின் நல்ல கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

தவம்: நிரோ மகள். என் வலக்கண் மூலையில் சதை வளர்கிறது. இதையும் நீங்கள் பார்ப்பீர்களா?

சாந்தி: எனக்கே சொல்லவில்லை இந்த மனுசன்!

நிரோஷா: சித்தப்பா, வெள்ளையில் இருந்து கருமணிப் பக்கம் முக்கோணமாக வருகிறதா? கடலில் வெயில், காற்று, உப்பு என்று நிற்கிறவர்களுக்கு வருவது. பார்ப்போம், அளப்போம், வெட்டுகிறது டொக்டர். கருமணியின் நடுவுக்கு வராவிட்டால் அவசரமில்லை. ஆனால் படத்தைப் பார்த்து நான் முடிவு சொல்ல மாட்டேன், கிளினிக்கில் காட்டுங்க. படகில் போகும்போது அகன்ற தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடியும் போடுங்க. வெட்டினாலும் திரும்ப வளரலாம், அதனால் இப்பவே தொடங்குங்க.

தவம்: சரி. வசந்தி அந்தப் பொடியனைக் கொண்டு போகிற நாளில் நானும் வருகிறேன்.

வசந்தி: அக்காவையும் கூட்டி வாங்க. போனைக் கை முழுக்க நீட்டிப் பிடித்துத்தான் இவ்வளவும் வாசிக்கிறாள்.

சாந்தி: எனக்கு வெள்ளெழுத்து இல்லை. எழுத்துதான் சின்னன்.

குகன்: தர்ஷி, வருகிற சனி கடைக்கு வா. ஒரு நாள் முழுக்க இருந்து பார். வருகிற ஆட்களிடம் என்ன கேட்கிறோம், எதைக் கேட்காமல் விடுகிறோம் என்று எழுதி எடு, பிறகு நிரோவிடம் காட்டு.

தர்ஷி: வருகிறேன் மாமா. அம்மா, காலை கல்முனை பஸ் எத்தனை மணிக்கு?

சாந்தி: அப்பா கொண்டுவந்து விடுவார். அந்த ரெண்டு கடிதத்தையும் இன்றைக்கே எழுது, திங்கட்கிழமை நான் பதிவுத் தபாலில் போடுகிறேன்.