மூட்டுவாதத்துக்கு மருந்து எடுக்கும் 58 வயது அம்மாவுக்கு அக்கித் தடுப்பூசி போடலாமா?

கேள்வி (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு 58 வயது. மூட்டுவாதத்துக்காக வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட்டும், தினமும் பிரெட்னிசொலோனும் எடுத்து வருகிறார். எங்கள் லயத்துப் பெரியம்மா ஒருவருக்கு அக்கி வந்து, கொப்புளங்கள் காய்ந்து மாதக்கணக்காகியும், விலாவில் சட்டை உரசினாலே துடித்துப் போகிறார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குத் தடுப்பூசி போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறோம். ஆனால், இங்கிலாந்திலுள்ள அண்ணன் 65 வயதானால்தான் போடுவார்கள் என்கிறார். உறவினர் ஒருவரோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஊசியே ஆகாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில் 1 (மருந்தாளர், நுவரெலியா)

உங்கள் அண்ணன் சொல்வது அந்நாட்டு அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கும் வயது. ஊசி உடலுக்குப் பொருந்தும் வயது அதுவன்று. இப்போது போடப்படும் அக்கித் தடுப்பூசியான ஷிங்ரிக்ஸ் 2017இல் அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கென அனுமதி பெற்றது. 2021இல், நோயாலோ மருந்தாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 18 வயதிலிருந்தே போடலாம் என அந்த அனுமதி விரிவாக்கப்பட்டது. எனவே வயதைப் பார்த்தாலும் மருந்தைப் பார்த்தாலும் உங்கள் அம்மா தகுதியுடையவர்தான்.

உறவினரின் அச்சம் பழைய ஊசியான சொஸ்டாவாக்ஸைப் பற்றியது. அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருந்ததால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு அதைத் தவிர்த்தார்கள். ஷிங்ரிக்ஸில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்று மட்டுமே. எனவே இந்த ஊசியே அக்கியை உண்டாக்கிவிடாது.

பதில் 2 (லெஸ்டர், சொந்த ஊர் பொகவந்தலாவ)

இங்கே இங்கிலாந்தில் 2023 செப்டம்பரிலிருந்து 65 வயதை எட்டுபவர்களுக்கும், 70 முதல் 79 வரையான வயதினருக்கும் இலவசமாகப் போடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தவர்களுக்கு முதலில் 50 வயதிலிருந்து கொடுத்தார்கள். 2025 செப்டம்பரிலிருந்து அது 18 வயதாகிவிட்டது. மூட்டுவாத மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பிரிவில் சேர்வார்களா என்பதை மருந்தின் அளவைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

பதில் 3 (தாதி, டிக்கோயா)

தம்பி, இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை என்பதால், செலவு உங்களுடையதாகத்தான் இருக்கும். ஊசி இரண்டு தடவை போட வேண்டும். வழக்கமாக 2 முதல் 6 மாத இடைவெளி, உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு 1 முதல் 2 மாதத்திலேயே இரண்டாவதைப் போடலாம். ஆகவே இரண்டுக்கும் பணத்தை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கிளினிக் கொப்பியை எடுத்துச் சென்று மூட்டுவாத வைத்தியரிடம் காட்டி, எப்போது போடலாம் என்று கேளுங்கள். ஊசிக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் கைவலி, காய்ச்சல், உடல் அசதி வரலாம்.

இதற்கிடையில் உடம்பின் ஒரே பக்கத்தில் எரிச்சலோடு கொப்புளம் கிளம்பினால், காவி பூசி அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்காமல், 72 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அசைக்ளோவிர் போன்ற மருந்துகளை அதற்குள் தொடங்குவதே நல்லது.