கிணற்று நீர் விவாதத்தில் ஆய்வறிக்கைகளை எவ்வாறு மதிப்பிடுவது?

வலிகாமம் வாசகர்:
எமது சனசமூக நிலையத்தில் கிணற்று நீரில் உரத்தாலும் கழிவாலும் சேரும் நைதரசன் சேர்வையான நைத்திரேற்றின் அளவு பற்றி நடைபெற்ற கூட்டத்தில், ஒரு சாரார் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டி, இந்த நீரே புற்றுநோய்க்குக் காரணமென்பது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றனர். மறுசாராரோ ஒரு பரிசோதனை அறிக்கையைக் காட்டி, அளவு எல்லைக்குள்ளேயே இருப்பதால் தோட்டங்களுக்கு இடும் உரத்தைக் குறைக்கத் தேவையில்லை என வாதிட்டனர். இரண்டையும் முழுமையாக வாசித்தவர் எவரும் அங்கிருந்ததாகத் தெரியவில்லை. விஞ்ஞானம் கற்காத நாங்கள் எதை நம்புவது?

இரசாயனவியல் ஆசிரியர்:
ஐயா, முதலில் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். அதையே நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மில்லிகிராம் வரும். ஆகவே, நைதரசனாக அளந்து பெற்ற 20 என்ற பெறுமானத்தை 50 உடன் ஒப்பிட்டு நீர் பாதுகாப்பானது என்பவர், எல்லையைப் போல ஏறத்தாழ இருமடங்கு நைத்திரேற்று உள்ள நீரையே குடிக்கச் சொல்கிறார். அத்துடன், அந்த எல்லை புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழந்துவிடாதிருக்க வகுக்கப்பட்டதேயன்றி, புற்றுநோயைக் கருதி வகுக்கப்பட்டதன்று. மாதிரி எப்போது, எந்தக் கிணற்றில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியமானது. எமது யாழ்ப்பாணச் செம்மண்ணுக்குக் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் இலகுவில் இறங்குவதால், மாரிக்கு முன்னும் பின்னும், ஒரு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் பெறுமானம் பெரிதும் வேறுபடலாம்.

சுகாதாரத் துறை ஊழியர்:
நைத்திரேற்று கூடிய பிரதேசத்தில் நோயாளரும் கூடுதலாக இருக்கிறார்கள் என்பதிலிருந்து, அந்நீரைக் குடித்தவர்களுக்கே நோய் வந்தது என்ற முடிவுக்கு வர இயலாது. வெற்றிலை, புகையிலை, மது ஆகியவற்றையும் அந்த ஆய்வு கணக்கிலெடுத்ததா என்று பார்க்க வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வெளியிட்ட தொகுப்பு, உடலினுள் நைத்திரோசோச் சேர்வைகள் (புற்றுநோயைத் தூண்டக்கூடிய நைதரசன் சேர்வைகள்) உருவாகும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றைப் பெரும்பாலும் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடியது (2A) என்ற வகையிலேயே சேர்த்தது. மேடையில் அந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் பேசுவது மக்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால், சந்தேகம் எஞ்சியிருக்கிறது என்பதைச் சாட்டாக வைத்துக் கைக்குழந்தைகளுக்கு மாற்று நீர் வழங்காமல் விடுவதும் அதே அநீதிதான்.

முன்னாள் விவசாய உத்தியோகத்தர்:
இலங்கையில் இது புதிதன்று. கடின நீருடன் சேரும் கிளைபோசேற்றுக் களைகொல்லி சிறுநீரக நோய்க்குக் காரணமாகலாம் என 2014இல் வெளிவந்த கட்டுரை, தன்னைக் கருதுகோள் என்றே கூறியிருந்தது. பொதுவெளியிலோ அது முடிந்த முடிவாகப் பேசப்பட்டது. 2015இல் தடை வந்தது; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது.

வலிகாமம் வாசகர்:
அனைவருக்கும் நன்றி. கூட்டத்தில் தந்த பரிசோதனை அறிக்கையின் பிரதியை மீண்டும் பார்த்தேன். அதில் எண்கள் மட்டுமே உள்ளன, அலகோ மாதிரி எடுத்த திகதியோ இல்லை. முழு அறிக்கையையும் தரும்படி நிலையத் தலைவருக்கு இன்று கடிதம் எழுதுகிறேன்.