கட்டு காய்ந்துதான் இருந்தது

எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரத்தக் கசிவைப் பற்றி மூன்று பேர் சொல்வது.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாள். "தொடையில கல்லைக் கட்டின மாதிரி இருக்குடா" என்றார். கட்டைப் பார்த்தேன். துளி ரத்தம் இல்லை. ஆபரேஷன் வலிதான் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் போர்வையை விலக்கினால் ஒரு தொடை மட்டும் உப்பி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. முழங்காலுக்குப் பின்னால் வரை ஊதா நிறம். நாடித்துடிப்பு 118. சிறுநீர்க் குழாயில் மாட்டியிருந்த பையில் காலையிலிருந்து அடியில் கொஞ்சம்தான். பி.பி. மட்டும் சுமாராக இருந்தது, அதை நம்பித்தான் ஏமாந்தோம். ரத்தம் குறையும்போது நாடிதான் முதலில் ஏறுமாம், பி.பி. தாமதமாகத்தான் இறங்குமாம். ஹீமோகுளோபின் 10.4-லிருந்து 6.8-க்கு வந்திருந்தது. தொடைச் சதைக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் வெளியே தெரியாமல் தேங்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ரத்தம் உறையாமலிருக்க எனாக்ஸாபரின் ஊசி போய்க்கொண்டிருந்தது. அது வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. அம்மாவுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் மந்தம், போதாததற்கு இதயத்துக்கு ஆஸ்பிரின் வேறு. ஊசியை நிறுத்தினால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம், நிறுத்தாவிட்டால் கசிவு நிற்காது. நிறுத்தினார்கள். காலுக்குக் காற்றடைக்கும் உறை மாட்டி, மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் அம்மாவால் பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. கட்டியாகச் சேர்ந்த ரத்தம் நரம்பை அழுத்துகிறது என்று அன்றிரவே தையலைத் திறந்து எடுத்தார்கள். பாதம் பழையபடி அசைய நான்கு மாதம் ஆனது.

* * *

எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். கட்டை மேலாகப் பார்த்தால் போதாது. படுத்திருப்பவருக்கு ரத்தம் பின்பக்கமாக வழிந்து இறங்கும். நாங்கள் இடுப்புக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்போம், பல முறை விரிப்புதான் நனைந்திருக்கும். வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவைப்போம். கோட்டைத் தாண்டினால் டாக்டரை எழுப்பத் தயங்குவதில்லை, திட்டு வாங்கினாலும் சரி.

* * *

எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கசிவு. ரத்தம் உறையாமலிருக்க ரிவரோக்சபான் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி வலி தாங்கவில்லை என்றதும் வீட்டில் கிடந்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையையும் கொடுத்தேன், நாலைந்து நாள். அப்புறம் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது, பாத்ரூம் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம். எண்டோஸ்கோப்பி வழியாக அடைத்தார்கள். டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கேட்டபோது அந்த அட்டையையும் எடுத்து நீட்டினேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.