மறு: குட்டை ஆளி வேண்டாம், கல்லாளி என்போம்

வணக்கம்.

ஆளி விதைச் செடியின் உறவான லைனம் ஆல்பினத்துக்கு (Linum alpinum) என்ன தமிழ்ப் பேர் வைக்கலாம் என்ற பேச்சில் ஈரோட்டு அண்ணன் முன்வைத்த 'குட்டை ஆளி' எனக்கு ஒப்பவில்லை. நம்ம பக்கம் குட்டை என்றால் தண்ணி நிற்கிற இடம், குளம் குட்டை என்று சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் இந்தச் செடியைச் சேற்றில்தான் தேடுவார்கள். அதுவோ ஆல்ப்ஸ் மலையில், சுண்ணாம்புப் பாறைச் சரிவில் நீலமாகப் பூக்கிறது.

பெரிய காரணம் வேறு. உயரத்தை வைத்து இதை அடையாளம் சொல்ல முடியாது. லைனம் ஆல்பினம் சுமார் 10 முதல் 30 செ.மீ. வளரும். அதே மலைப் புல்வெளியில் வெள்ளைப் பூ விடுகிற இன்னொரு ஆளியான லைனம் கத்தார்டிகம் அதைவிடப் பொடிசு, 5 செ.மீ. உயரத்திலேயே பூத்துவிடும். அப்புறம் குட்டை என்ற பட்டம் யாருக்குப் போய்ச் சேரும்? காற்றும் குளிரும் எந்தச் செடியையும் குறுக்கிவிடும், வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது புல்லி வட்டத்தை, அதாவது பூவின் அடியில் இருக்கிற பச்சை இதழ்களை. ஆளிப் பூவின் இதழ்கள் பெரும்பாலும் அன்றைக்கே உதிர்ந்துவிடும், புல்லி காய்க்கிற வரைக்கும் இருக்கும். ஆல்பினத்தில் புல்லியின் விளிம்பு மொழுமொழுவென்று இருக்கும், உள்வரிசைப் புல்லிகள் அகலம். இன்னொரு ஆளியான லைனம் டெனுய்ஃபோலியத்தில் அதே விளிம்பில் சுரப்பி மயிர் வரிசையாக நிற்கும், பூவும் வெளிர் ரோஸ். கத்தார்டிகத்துக்கு எதிரிலை (இரண்டிரண்டாக எதிரெதிரே), ஆல்பினத்துக்கு மாற்றிலை (கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி). இன்னொன்று, ஆல்பினத்தில் ஒரு செடியின் சூல்தண்டு (பூவின் நடுவில் சூலகத்தின் மேல் நிற்கிற தண்டு) மகரந்தப் பையைத் தாண்டி நிற்கும், பக்கத்துச் செடியில் அதற்குக் கீழேயே நின்றுவிடும், இரண்டும் ஒரே இனம்தான். இதன் நெருங்கிய உறவான லைனம் பெரென்னேயில் இந்த இரட்டை வடிவத்தை டார்வின் 1860களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். இவற்றுக்கு நெடுந்தண்டுப் பூ, குறுந்தண்டுப் பூ என்றால் போதுமே, இந்த இரட்டை வடிவத்துக்கு 'வேறுபட்ட சூலகத்தண்டுடைமை' என்று ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

சரி, பேருக்கு வருவோம். ஆல்பினம் என்பதை நேராகப் பெயர்த்து 'மலை ஆளி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சேர்த்து எழுதிப் பாருங்கள், பாலக்காட்டுக்காரர்கள் கேஸ் போட்டுவிடுவார்கள். 'நில ஆளி'யும் சரிவராது, நிலவேம்பு நிலப்பனை எல்லாம் மரத்தின் பேரைத் தாங்கிய சின்னச் செடிகள், ஆளியோ முதலிலிருந்தே செடி. பாறையில் வளர்வதைக் கல்லத்தி, கல்லிச்சி என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதன்படி கல்லாளி. குவாரி முதலாளி மாதிரி ஒலிக்கிறது என்று திருப்பூரிலிருந்து கிண்டல் வந்தது, வரட்டும், கல்லாளிச் செடி என்று எழுதினால் தீர்ந்தது.

கத்தார்டிகத்துக்குப் பேதியாளி, லத்தீன் பேரும் அதைத்தான் சொல்கிறது. மஞ்சளாகப் பூக்கும் நம்ம தென்னிந்திய லைனம் மைசூரென்ஸ் ஓராண்டுச் செடி, அதைக் கல்லாளியோடு சேர்க்காமல் மைசூர் ஆளி என்றே தனிப் பதிவாக வைத்துவிடுங்கள். உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைத்திருக்கிற கோவை உலர்தாவரகம் பக்கம் போகிறவர்கள் அதன் புல்லி விளிம்பையும் ஒருமுறை லென்ஸில் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்க.