செடி ரேக்கில் ஷாக் – எர்த் கோளாறா?

தண்டையார்பேட்டையில் பழைய வீடு, முதல் மாடி வாடகை. வெயில் வராத அறையில் இரும்பு ரேக் வைத்து வெந்தயக்கீரை, புதினா வளர்க்கிறோம். மேலே 50 வாட் எல்இடி க்ரோ லைட் இரண்டு, இரண்டுமே மூணு பின் பிளக்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து ஈரக்கையோடு ரேக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது. லைட் எரியும்போது ஃப்ரிட்ஜ் கதவிலும் அதே உதறல். தினமும் தண்ணீர் தெளிப்பது அம்மாதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. இப்போதைக்கு லைட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல் 231 வோல்ட், சரியாகவே இருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில்தான் சிக்கல்: லைட் போட்டால் 108, பிளக்கைப் பிடுங்கினால் 4. எர்த் நல்லபடி இருந்தால் இவ்வளவு காட்டவே கூடாது.

சாக்கெட், வயர் மாற்றியாச்சு. லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் யூனிட்டை மாற்றியும் அதேதான். வந்த எலக்ட்ரீஷியன் "எல்இடின்னா இப்படித்தான் சார்" என்று போய்விட்டார், எனக்கு அதில் உடன்பாடில்லை. போர்டில் எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆனால் ட்ரிப் ஆகும் சுவிட்ச்) மட்டும்தான், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) கிடையாது. எர்த் குழி கீழே சிமெண்ட் தரைக்கு அடியில் இருக்கிறதாம். உடைக்க ஹவுஸ் ஓனர் யோசிக்கிறார்.

30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி மட்டும் போட்டு லைட்டைத் திரும்ப எரியவிடலாமா, இல்லை எர்த்தைச் சரிசெய்யும் வரை தொடவே கூடாதா?