அமேலியா பெலாயெஸின் கருங்கோடுகள் எங்கிருந்து வந்தவை?

ஓவிய மாணவி:
கியூபா நாட்டு ஓவியர் அமேலியா பெலாயெஸின் (1896–1968) படங்களைச் சில வாரங்களாகப் பார்த்து வருகிறேன். பழம், பூ, மேசைவிரிப்பு, நாற்காலியின் சுருள் வேலைப்பாடு என எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள்தாம். ஆனால் அவற்றைச் சுற்றி ஓடும் தடித்த கருங்கோடுகளை விட்டுக் கண் நகர மறுக்கிறது. அவை பாரிசில் கற்ற கியூபிசத்தின் (பொருள்களை வடிவத் துண்டுகளாக உடைத்து ஒரே தளத்தில் அடுக்கும் ஓவியப் பாணி) விளைவு என்று சிலரும், ஹவானா வீடுகளின் வண்ணக் கண்ணாடிகளிலிருந்து எடுத்தவை என்று சிலரும் எழுதுகிறார்கள். எதை ஏற்பது?

கோட்டோவியன்:
காலவரிசையைப் பார்த்தால் வீட்டின் பக்கமே தராசு சாய்கிறது. யாகுவாஹாயில் பிறந்த அவர், 1915இல் குடும்பத்துடன் ஹவானாவுக்கு வந்து, சான் அலெஹாந்த்ரோ கலைப்பள்ளியில் ஓவியர் ரோமன்யாச்சிடம் பயின்றார். 1927இல் பாரிஸ் சென்று, 1931 முதல் ரஷ்ய ஓவியர் அலெக்சாந்திரா எக்ஸ்தரிடம் வடிவமைப்பும் வண்ணமும் கற்று, 1933இல் சாக் கலைக்கூடத்தில் படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஆனால் அந்தப் பாரிஸ் படங்கள் வண்ணத்தில் அடக்கமானவை. 1934இல் ஊர் திரும்பிய பிறகுதான் கோடு தடித்தது, வண்ணம் பொங்கியது. பாரிசிலிருந்து வந்த கோடு என்றால், அது பாரிசிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

விதானம்:
முந்தைய மறுமொழியில் பாதியை ஏற்கிறேன். ஹவானாவின் லா வீபோரா பகுதியில் இருந்த குடும்ப வீட்டில்தான் அவர் இறுதிவரை வாழ்ந்து வரைந்தார். அத்தகைய பழைய வீடுகளில் கதவுக்கு மேல் 'மேதியோபுந்தோ' எனப்படும் அரைவட்ட வண்ணக் கண்ணாடி இருக்கும். வெயில் அதன் வழியே இறங்கித் தரையில் நிறங்களைக் கொட்டும். எனினும் அவர் அதை அப்படியே படியெடுத்தார் என்பது பிழை. கண்ணாடியின் சட்டம் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவதோடு சரி. அவருடைய கோடோ மேசையின் விளிம்பாகத் தொடங்கி இலைக்காம்பாகி, பின் வெறும் சுருளாகவும் முடியக்கூடியது. பொருளையும் பின்னணியையும் ஒரே தளத்தில் பின்னும் அந்தத் துணிவு கியூபிசப் பயிற்சி தந்தது. கண்ணாடியைச் சிறுவயதிலிருந்து எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதை ஓவியமாக்கும் வழி அவருக்குப் பாரிசில்தான் கிடைத்தது.

அவரை 'வீட்டுக்குள் ஒடுங்கியவர்' என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. 1944இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கியூபா நாட்டு ஓவியர்களின் கண்காட்சியில் அவர் இடம்பெற்றார். 1952இல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் பங்கேற்றார்.

சுடுமண்:
1950களில் அவர் மட்பாண்டங்கள் மீதும் நிறைய வரைந்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, 1958இல் திறக்கப்பட்டு இன்று ஹபானா லிப்ரே எனப்படும் விடுதியின் முகப்பில் அவர் அமைத்த, நீலம் மேலோங்கிய பெருஞ்சுவரோவியம். சாப்பாட்டு மேசையளவில் தொடங்கிய கோட்டை அங்கே தெருவில் நடந்து போகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஓவிய மாணவி:
மிக்க நன்றி. பாரிஸ் காலப் படங்களையும் 1934க்குப் பிந்தையவற்றையும் அருகருகே வைத்து, கோடு எந்த இடத்தில் பொருளை விட்டு விலகுகிறது என்று பார்க்கப் போகிறேன்.